செத்த மீனில் ஒட்டுண்ணியைத் தேடாதீர்கள்

கேள்வி: குளத்துக் கட்லாக்கள் கரையில் உடம்பை உரசுகின்றன, விடியலில் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. செத்து மிதந்த இரண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒட்டுண்ணி இல்லை என்று விட்டுவிடலாமா?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: விடக் கூடாது. மீன் செத்ததும் ஒட்டுண்ணிகள் பலவும் உதிர்ந்துபோகும். மிச்சமிருப்பவை அசையாமல் கிடக்கும். அசையாததைக் கண்டுபிடிப்பது பழகிய கண்ணுக்கே சிரமம். துவண்டு ஒதுங்கி நிற்கும் மீன்களாக ஐந்தாறு பிடியுங்கள். குளத்துத் தண்ணீரிலேயே உயிரோடு வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்.

மார்புத் துடுப்புக்குப் பின்னாலிருந்து வாலை நோக்கி, கவர் கிளாஸின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடி) ஓரத்தால் வழவழப்பை மெல்ல வழித்தெடுங்கள். ஸ்லைடில் ஒரு சொட்டுக் குளத்து நீர்விட்டு அதில் கலந்து மூடுங்கள். பிறகு மீனைக் கொன்று, செவுள் இழைகளின் நுனியை மட்டும் கொஞ்சம் கத்தரித்து இன்னொரு ஸ்லைடு. கொத்தாக வைத்தால் வெளிச்சம் ஊடுருவாது. பலரும் தவறுவது இங்கேதான். காயவிடாமல் உடனே பாருங்கள். 40 மடங்கில் தொடங்கி 100, 400 என்று போகலாம். ஒளித்துளையைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கண்ணாடிபோன்ற உயிர்களும் புலப்படும்.

செவுளில் புழுப்போல் நீண்டு சுருங்கி, தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிகளோடு இருந்தால் டாக்டைலோகைரஸ். தோலில் கண்புள்ளி இல்லாமல், வயிற்றுக்குள் குட்டியோடு தெரிந்தால் கைரோடாக்டைலஸ். தட்டுப்போல் சுழன்று ஓடுவது, நடுவே பல்வளையம் உள்ளது டிரைக்கோடைனா. மெதுவாக உருளும் பெரிய உருண்டைக்குள் குதிரை லாடம்போன்ற உட்கரு இருந்தால் வெண்புள்ளி நோய். கனத்த கறுப்பு விளிம்போடு அசையாமல் நிற்கும் வட்டம் வெறும் காற்றுக்குமிழி. அதற்கு மருந்து ஊற்றியவர்களும் உண்டு.

டிரைக்கோடைனா ஒன்றிரண்டு நல்ல மீனிலும் இருக்கும். பார்க்கும் இடமெல்லாம் மொய்த்தால்தான் சிகிச்சை. விடியலில் வாய் பிளப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சூரியன் ஏறியதும் மீன் கீழே போய்விட்டால் முதலில் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள். விடியலிலேயே அளந்து பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏரேட்டரைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

கேள்வி: மீன் பேனுக்கும் ஸ்லைடு போட வேண்டுமா?
– வாசகர், மேட்டூர்

பதில்: தேவையில்லை. மீன் பேன் (ஆர்குலஸ்) சில மில்லிமீட்டர் அளவில் தட்டையாக, துடுப்படியில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். நூல்போல் தொங்கி, நுனியில் இரட்டை முட்டைப் பை இருந்தால் நங்கூரப் புழு. ஒரு மூங்கிலைக் குளத்தில் நட்டு வையுங்கள். பேன் அதில் முட்டை வரிசைகளை ஒட்டினால் பெருகுகிறது என்று பொருள். எடுத்து வெயிலில் காயப் போட்டுவிடலாம்.

கேள்வி: வன்னாமெய் இறால் சிறிதும் பெரிதுமாக வளர்கிறது, வெண்கழிவும் மிதக்கிறது. ஈ.எச்.பி. (இறாலின் கல்லீரல் கணையத்தைத் தாக்கும் நுண்ணிய ஒட்டுண்ணி) தானா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கண்ணால் சொல்ல முடியாது. வெண்கழிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. கழிவுக்குள் புழுப்போல் தெரிவதும் பல சமயம் ஒட்டுண்ணி அல்ல, கல்லீரல் கணையச் செல்களிலிருந்து உதிர்ந்த பொருள்தான். ஈ.எச்.பி. வித்து ஒன்றிரண்டு மைக்ரான்தான். சாதாரண ஸ்லைடில் தப்பிவிடும். சிறுத்த இறால்களின் கல்லீரல் கணையத்தை 95 சதவீத எத்தனாலில் போட்டு பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்டால் மரபணு சிதையும். அது திசுச் சோதனைக்குத்தான் உதவும். பெருத்த இறாலை மட்டும் பொறுக்கி அனுப்பினால் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும், நம்ப வேண்டாம்.