காமா கதிரும் ஹைட்ரோகார்பனும்: கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: காமா கதிர் பட்ட பாலித்தீன் தானும் கதிர்வீச்சை உமிழுமா?

உமிழாது. காமா கதிருக்கு வழக்கமாகப் பயன்படும் கோபால்ட்-60 தரும் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். கார்பனின் அணுக்கருவை அசைக்க இது போதாது. எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும், அவ்வளவுதான்.

கல்லூரி விரிவுரையாளர்: சைக்ளோஹெக்சேன், பென்சீன் இரண்டிலும் ஆறு கார்பன்தான். பென்சீன் மட்டும் எப்படிக் கதிரைத் தாக்குப்பிடிக்கிறது?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சைக்ளோஹெக்சேன் திரவம் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை உறிஞ்சினால் சுமார் 5.6 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வெளிவருகின்றன. பென்சீனில் வெறும் 0.04! பென்சீன் வாங்கிய ஆற்றல் ஒரே பிணைப்பில் குவியாமல் அதன் ஆறு கார்பன் வளையம் முழுவதும் பரவி, பெரும்பகுதி வெப்பமாகிக் கழிந்துவிடுகிறது. சைக்ளோஹெக்சேனில் கொஞ்சம் பென்சீனைக் கலந்து பாருங்கள்: விகிதப்படி எதிர்பார்ப்பதைவிட ஹைட்ரஜன் வெகுவாகக் குறையும். பக்கத்து மூலக்கூறுக்கு விழுந்த அடியையும் பென்சீன் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

பொறியாளர் ஒருவர்: அப்படியானால் அணு உலையைக் குளிர்விக்க இத்தகைய திரவம் உதவுமா?

உதவியிருக்கிறது. மூன்று பென்சீன் வளையங்கள் கோத்த டெர்ஃபீனைல் வகைத் திரவங்களை அமெரிக்காவின் பிக்வா உலையிலும் (1963–66), கனடாவின் மானிடோபாவில் இருந்த டபிள்யூஆர்-1 உலையிலும் (1965–85) ஓட்டினார்கள். கொதிநிலை அதிகம், ஆகவே தண்ணீர் உலைக்கு வேண்டிய பெரும் அழுத்தம் தேவையில்லை. ஆனால் பென்சீன் வளையமும் சிரஞ்சீவி அல்ல. திரவம் மெல்ல மெல்லத் தார்போலக் கெட்டியாகும். இடைவிடாமல் சுத்திகரித்தாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன்: ஒயர் இணைப்பில் மாட்டும் குழாய், சூடுகாட்டியதும் சுருங்குகிறதே?

அது தயாரிக்கும்போதே கதிர் காட்டிய பாலித்தீன். பாலித்தீனின் நீண்ட கார்பன் சங்கிலியிலிருந்து கதிர் ஹைட்ரஜனைக் கழற்றுகிறது. அடுத்தடுத்த சங்கிலிகளில் கை காலியான கார்பன்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. பிறகு குழாயைச் சூடாக்கி, விரித்து, அப்படியே குளிரவைப்பார்கள். விரிந்த நிலையைப் பிடித்துவைத்திருப்பவை நுண்படிகங்கள். நீங்கள் சூடுகாட்டும்போது அவை உருகுகின்றன. சங்கிலிகளுக்கிடையே உண்டான குறுக்குப் பிணைப்புகள் குழாயைப் பழைய அளவுக்கு இழுத்துவிடுகின்றன.

அவரே: எல்லா பிளாஸ்டிக்கும் இப்படித்தானா?

இல்லை. பாலிஐசோபியூட்டிலீன் என்ற ரப்பர் போன்ற பொருளில் சங்கிலியே அறுபட்டுப் பிசுபிசுக்கும்.

செவிலியர்: இடுப்பு மூட்டில் வைக்கும் பாலித்தீன் கிண்ணம் சில ஆண்டுகளில் நொறுங்கியதாகப் படித்தேன்.

குற்றவாளி ஆக்சிஜன். முன்பு காற்றுள்ள உறையில் வைத்தே காமா கதிரால் கிருமி நீக்கினார்கள். படிகங்களுக்குள் சிக்கிய தனியுறுப்புகள் (கதிரால் கை காலியாகி, எதனோடாவது பிணையத் துடிப்பவை) ஆண்டுக்கணக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சங்கிலிகளை அறுத்தன. இப்போது காற்றை அகற்றிவிட்டுக் கதிர் காட்டுகிறார்கள். அல்லது கதிர் காட்டியபின் உருக்கி, மிச்சமுள்ள தனியுறுப்புகளைத் தீர்த்துவிடுகிறார்கள்.