சப்ளையர்களைக் குறைக்கலாம்: யாரை, எந்த அளவுக்கு?

பம்ப் தயாரிக்கிறோம். நூற்றுக்கும் மேல் சப்ளையர்கள். எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?
– வாசகர், கோவை

போன வருடப் பர்ச்சேஸ் லெட்ஜரைத் தொகைவாரியாக அடுக்குங்கள். அடியில் போல்ட், வாஷர், கையுறை, அட்டைப்பெட்டி என்று சில்லறை பில்களாகக் கிடக்கும். ஆயிரம் ரூபாய் பில்லானாலும் லட்ச ரூபாய் பில்லானாலும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்), சரக்கு வரவுப் பதிவு, ஜி.எஸ்.டி. சரிபார்ப்பு எல்லாம் ஒரே வேலைதான். முதல் வெட்டு அங்கே. காஸ்டிங் (வார்ப்பு), காப்பர் ஒயர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

மொத்த காஸ்டிங்கையும் ஒரே ஃபவுண்டரிக்குக் கொடுத்தால் ரேட் குறைப்பதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– அதே வாசகர்

வேண்டாம். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் செய்கி நிறுவனத்தின் கரியா ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்பும் சொற்பம். டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் அநேகமாக எல்லாமே சில நாள் நின்றன. மற்ற சப்ளையர்கள் தங்கள் மெஷின்களில் அந்த வால்வைச் செய்து கொடுத்ததால்தான் சீக்கிரம் மீண்டார்கள்.

நான் சொல்வது: 70 சதவீதம் ஒருவருக்கு, 30 இன்னொருவருக்கு. அதைவிட முக்கியம் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு அச்சுப் பதிக்கும் மாதிரி உரு. ஃபவுண்டரியில் கிடந்தாலும் அது உங்கள் சொத்து என்று எழுத்தில் இருக்கட்டும். அதன் மேலேயே உங்கள் பெயரையும் பார்ட் நம்பரையும் பெயின்டில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஆளை மாற்ற நினைக்கும் அன்றுதான் 'பேட்டர்ன் யாருடையது' என்ற பேச்சு வரும். இரண்டாவது ஃபவுண்டரியும் ட்ரையல் வார்த்து, மெஷினிங் முடித்து, பிரஷர் டெஸ்டில் ஒழுகாமல் தேறியிருக்க வேண்டும். பெயருக்கு இரண்டு பேர் இருந்து பயனில்லை.

ஆர்டரைக் கூட்டிக் கொடுக்கிறோம். பதிலுக்கு 90 நாள் கடன் கேட்கலாமா?
– வாசகர், திருப்பூர்

அவர் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் கூடாது. 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமானவரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியும். சட்டத்தை விடுங்கள். அவசர ஷிப்மென்ட்டுக்கு ராத்திரி ஷிஃப்ட் ஓட்டித் தரப்போகிறவர் அவர்தான். அவர் பணத்தை முடக்கி நாம் தொழில் நடத்துவது நியாயமில்லை.

நிறுத்தப்போகும் சப்ளையரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகர், ஓசூர்

நேரில் போய்ச் சொல்லுங்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே. உங்கள் டிராயிங்குக்கென்று செய்து வைத்த சரக்கை எடுத்துக்கொண்டு, பாக்கியை முழுசாகத் தீர்த்துவிடுங்கள். டை (அச்சு), பேட்டர்ன், டிராயிங் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, கையெழுத்தோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.