மிருக வைத்தியம் படிக்க மாடு பிடிக்கும் பலம் வேண்டுமா?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தோற்றியவள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாது, மிருக வைத்தியம் கிடைக்கலாம் என்கிறார்கள். மெலிந்த பிள்ளை, மாட்டைக் கண்டால் விலகி நடப்பாள். போனவுடனேயே மாட்டைப் பிடிக்க விடுவார்களா? வெளிநாட்டில் இவ்வளவு சிரமம் இல்லை, இடம் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு முகவரும் வீட்டுக்கு வந்து போகிறார். என்ன செய்யலாம்? (ஒரு தாயார், சுன்னாகம்)

பதில்: விடமாட்டார்கள் அம்மா. படிப்பு படிப்படியாகத்தான் போகும். முதலில் உடற்கூற்றியல்: பதப்படுத்திய உடலில் தசையையும் நரம்பையும் பிரித்துப் பார்ப்பது, எலும்பைக் கையில் எடுத்து இது ஆடா நாயா என்று சொல்வது. கூடவே உடற்றொழிலியலும் உயிர் இரசாயனமும். விலங்கின் அருகில் எப்படி நிற்பது, எந்தப் பக்கத்தால் அணுகுவது என்பதையும் பண்ணையில் பாடமாகவே சொல்லித் தருவார்கள். நானூறு கிலோ மாட்டை எந்த ஆண்பிள்ளையாலும் இழுத்து விழுத்த முடியாது. கழுத்திலும், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சிலும், மடிக்கு முன்னால் வயிற்றிலும் கயிற்றைச் சுற்றிப் பின்பக்கமாக நிதானமாக இழுத்தால் மாடு தானாகப் படுத்துவிடும். பலத்தைவிட அந்த முடிச்சுத்தான் முக்கியம். இன்று இந்தப் படிப்பில் பெண்பிள்ளைகளே அதிகம்.

நோயியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல் எல்லாம் நடுவில் வரும், படித்தால் சித்தி. கடைசிக் காலம்தான் பெரிய காலம். பேராதனைக்கு அருகே கெட்டம்பையில் உள்ள மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, நாய் பூனைப் பிரிவு, பண்ணை விலங்குப் பிரிவு, சத்திரசிகிச்சை என்று மாற்றி மாற்றி விடுவார்கள். நாயைக் கொண்டுவந்தவரிடம் விவரம் கேட்டு எழுதி, காய்ச்சல் பார்த்து, முரசின் நிறம் பார்த்து, நோய் என்னவாக இருக்கும் என்று பிள்ளைதான் முதலில் சொல்ல வேண்டும். விரிவுரையாளர் அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார்.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது சினைப் பரிசோதனைக்கு. தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் கையுறை போட்டு, மசகு பூசி, மாட்டின் குதத்தினூடாகக் கையைச் செலுத்திக் கருப்பையைத் தடவி அறிய வேண்டும். கொல்களத்திலிருந்து எடுத்த கருப்பையை மேசையில் வைத்துத் தொட்டுப் பழகிய பிறகே உயிருள்ள மாடு. ஆரம்பத்தில் சூட்டையும் சாணத்தையும் தவிர ஒன்றும் தட்டுப்படாது. மாடு முக்கும்போது கை விறைத்துப்போகும். பல தடவைக்குப் பிறகு ஒருநாள் கருப்பைக் கழுத்து விரலுக்குள் கட்டியாக அகப்படும். அங்கிருந்து வழி பிடித்துவிடலாம். ஒரே மாட்டில் பலர் கை வைத்தால் அதன் குடல் புண்ணாகும் என்பதால், பொறுப்பான ஆசிரியர் எண்ணிக்கையை மட்டுப்படுத்துவார். எத்தனை மாடு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் கை பழகும்.

முகவர் சொல்லாத விடயமும் இதுதான். விலங்கைத் தொடாமல் பெறும் பட்டத்தால் பயனில்லை. 'சிரமம் இல்லை' என்று அவர் சொன்னதே எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. இலங்கையில் தொழில் செய்ய இலங்கை மிருக வைத்தியச் சபையில் பதிவு வேண்டும். 'மிருக வைத்திய உதவியாளர் டிப்ளோமா' என்று எதையாவது படிப்பித்துவிட்டுப் பிள்ளையை வைத்தியர் என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழால் பதிவு கிடைக்காது.

இந்தியப் பட்டம் மட்டும் வேறு கதை. அதைப் பொறுமையாக வாசியுங்கள். சென்னை மிருக வைத்தியக் கல்லூரி 1903இல் தொடங்கிய பழைய கல்லூரி, படிப்பும் உறுதியானது. அங்கே ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் முழுக்கக் களப்பயிற்சி. பயிற்சி முடியாமல் பட்டம் இல்லை. வீடு திரும்பும் அவசரத்தில் அந்த வருடத்தை விட்டால் நாலரை வருடமும் வீண். முடித்து வந்தாலும் நேரே பதிவு இல்லை. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சபை வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். ஆகவே முற்பணம் என்ற பேச்சு வந்ததும், நீங்கள் சொல்லும் கல்லூரியின் பட்டத்தைச் சபை ஏற்குமா என்று முகவரிடம் கேட்காதீர்கள். சபைக்கே எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

முகவர்கள் பிழைப்பதற்கு ஆட்சியாளர்களும் காரணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் 1980இல் தனிப் பீடமானது. இன்றுவரை நாட்டுக்கு இந்த ஒன்றுதான். மாடும் ஆடும் நிறைந்த வடக்கில் இன்னொன்று வைக்க ஒருவருக்கும் மனமில்லை. கிளிநொச்சியில் இருக்கும் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் உண்டு, ஆனால் அது வைத்தியப் பட்டம் ஆகாது. பரீட்சை எழுதிய பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்க எடுக்கும் காலமோ கொடுமை.

வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால் பேராதனையையே எடுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில், ஆனால் கெட்டம்பைக்கு மாட்டோடு வருபவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். எங்கள் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. காத்திருக்கும் மாதங்களில் மகளைப் பேச்சுச் சிங்களம் படிக்க விடுங்கள். அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் அனுமதி கேட்டுக் காலையில் சில நாட்கள் நின்று பார்க்கட்டும். விலங்கைத் தொடுவதற்கு முன் விசர்நாய்க்கடிக்கான முற்காப்புத் தடுப்பூசி பற்றி உங்கள் வைத்தியரிடம் பேசிவிடுங்கள்.