அம்மாவுக்கு என்ன புரியும்?

கேள்வி: எங்கள் சபையில் நான் கொயர் (பாடகர் குழு) மாஸ்டர். குருத்தோலை ஞாயிறு மாலை இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மெசியா' என்ற கிறிஸ்தவ இசைப்படைப்பிலிருந்து 14 பாடல்களை ஆங்கிலத்திலேயே பாடப்போகிறோம். சபையாரை ஆயத்தப்படுத்த, லெந்து (தவக்கால) ஞாயிறுகளில் அந்த வசனங்களை இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளை வைத்து வாசிக்கச் செய்கிறேன். இரண்டு வாரம் ஆயிற்று, ஒருவரும் கவனிப்பதில்லை. போனை நோண்டுகிறார்கள். போதகரும் பட்டும் படாமலும் இருக்கிறார். பிராக்டிஸ் முடிந்து நான் வீடு சேர ராத்திரி பத்தரை ஆகிறது. அம்மாவைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். "எனக்கு என்ன புரியும் மக்களே, நீ போய்ட்டு வா" என்று வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சபையில் ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது?
– மார்த்தாண்டம் பக்கத்து வாசகர்

பதில்: தம்பி, போதகர் கதையை இன்னொரு நாள் பேசுவோம். இரண்டு பக்கக் கடிதத்தில் அம்மாவுக்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான்.

மடியில் வேதாகமம் இருக்கிறது. வாயில் 'எனக்கு என்ன புரியும்' என்ற பேச்சு. இது அவராக நினைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் யாரோ சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1741-இல் ஹேண்டல் 'மெசியா'வை மூன்றரை வாரத்துக்குள் எழுதி முடித்தார், 1742 ஏப்ரலில் டப்ளினில் முதலில் பாடினார்கள் என்பதெல்லாம் உங்கள் நிகழ்ச்சி நிரலில் கட்டாயம் இருக்கும். சார்லஸ் ஜென்னன்ஸ் என்பவர் வேதத்திலிருந்தே பொறுக்கி எடுத்துக் கோத்துக் கொடுத்த வசனங்கள்தானே முழுவதும்? அப்படியென்றால் அந்தப் பாட்டுப் புஸ்தகம் உங்கள் அம்மாவின் மடியில்தான் இருக்கிறது. ஏசாயா 40, "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்". உங்கள் டெனர் (உச்ச ஆண்குரல் பாடுபவர்) அந்த முதல் வார்த்தையை இழுத்துப் பாடி முடிப்பதற்குள் அம்மா பாதி அதிகாரத்தைச் சொல்லி முடித்துவிடுவார். ஏசாயா 53-ஐப் பெரிய வெள்ளிதோறும் கேட்டு அழுத தலைமுறை அது. அவர்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பையனை நிறுத்தி, பழைய ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கவைத்தால் போனைப் பார்க்காமல் என்ன செய்வார்கள்? நானும் பார்த்திருப்பேன்.

நானும் கொயரில் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) பாடியவள்தான். 'மெசியா'வில் வரும் 'மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்ற சோப்ரானோ (உச்ச பெண்குரல்) பாட்டை இரண்டு வருஷம் கேட்டும், எங்கிருந்து வந்த வசனம் என்று எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லில் பாசி படிந்திருந்த எழுத்தை விரல் நகத்தால் சுரண்டிக் காட்டி, "யோபு பத்தொன்பது பிள்ளே" என்று சொல்லிக்கொடுத்தவர் எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த என் பாட்டி.

பத்தரைக்கு வீடு வருகிறீர்கள். அப்படியென்றால் குடும்ப ஜெபம் நின்றுபோயிற்று, இல்லையா? நீங்கள் எழுதவில்லை, நானே சொல்கிறேன். பெற்றவள் படியில் தனியாக உட்கார்ந்திருக்க, மகன் ஊரை ஆயத்தப்படுத்துகிற ஊழியம் எனக்குப் பிடிக்காது. பத்துக் கற்பனையில் 'தாய் தகப்பனைக் கனம்பண்ணு' என்ற ஐந்தாவதுக்கு கொயர் மாஸ்டர்கள் விலக்கில்லை.

நாளை முதல் எட்டரைக்கு பிராக்டிஸை முடியுங்கள். வீட்டுக்குப் போய், அம்மாவை ஏசாயா 40 வாசிக்கச் சொல்லி, மியூசிக் புஸ்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எந்த வார்த்தையில் நிற்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கொயருக்கும் அது உதவும்.

மிச்சமிருக்கிற மூன்று ஞாயிறும் அம்மாவும் அவர் வயதுக்காரர்களும் தமிழில், அவர்கள் ராகத்திலேயே வாசிக்கட்டும். வாரத்துக்கு ஒரே பகுதி போதும். முடிந்ததும் அதிலிருந்து ஒரே ஒரு வரியைக் கொயர் பாடிக் காட்டட்டும். ஏசாயா 53-க்கு அதுவும் வேண்டாம், சும்மா இருங்கள். 'மெசியா'வில் வரும் 'அல்லேலூயா' பாட்டின் வரிகள் வெளிப்படுத்தின விசேஷத்தில் மூன்று இடங்களில் இருக்கின்றன: 19:6, 11:15, 19:16. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை, தாத்தா பாட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கட்டும். நிகழ்ச்சி நிரலில் ஹேண்டல் படத்தை எடுத்துவிட்டு, தமிழ் வசனங்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

குருத்தோலை ஞாயிறு மாலை அம்மாவுக்கு முன்வரிசை நாற்காலியெல்லாம் வேண்டாம், பெண்கள் பக்கம் வழக்கமாக உட்காரும் இடமே போதும். ஆட்டோவுக்கு மட்டும் முந்தின நாளே சொல்லிவையுங்கள். அன்றைக்கு இருக்கிற பரபரப்பில் நீங்கள் மறந்துவிடுவீர்கள்.