முகவரி மாறிய புரதம்: வாசகர் கேள்விகள்

செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டி.என்.ஏ. இருக்கிறதே, வெளியிலிருந்து எதற்குப் புரதம்?

அந்த டி.என்.ஏ.வில் 13 புரதங்களுக்கான குறிப்பு மட்டும்தான் உண்டு. தேவையோ ஆயிரத்துக்கும் மேல். மற்றதெல்லாம் செல்லின் திரவத்தில் தயாராகி உள்ளே வந்தாக வேண்டும்.

வழி எப்படித் தெரிகிறது?

பல புரதங்களின் முன்நுனியில் ஒரு முகவரித் துண்டு இருக்கும். அது சுருளும்போது ஒரு பக்கம் நேர்மின்சுமை, மறுபக்கம் எண்ணெய்ப்பசை. வெளிச்சவ்வில் 'டாம்', உட்சவ்வில் 'டிம்' என்று வாசல்கள். உட்சவ்வின் உள்பக்கம் எதிர்மின்சுமை கொண்டது, அதுவே துண்டை இழுக்கிறது. மடிந்த புரதம் நுழையாது. ஊசிக்காதில் நூல் கோர்ப்பதுபோல் நீண்டுதான் போக வேண்டும். உள்ளே போனதும் முகவரித் துண்டை ஒரு நொதி நறுக்கிவிடும்.

என் தம்பிக்கும் தாய்மாமாவுக்கும் சிறுவயதிலேயே காது கேட்காமல் போனது. மாமாவுக்கு இப்போது கழுத்து முறுக்கிக்கொள்கிறது. தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். மோர்-டிரானபயார் நோய் என்று ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு நடுவே மற்ற புரதங்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோகும் டிம்8ஏ என்ற புரதம் பழுதாவதால் வருவது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய்வழியில் வந்து ஆண்களைத் தாக்கும். நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு பேரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறு வயது மகனுக்குத் திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல். டாக்டர் மரபணுச் சோதனை கேட்கிறார். வாழைத்தண்டுச் சாறு போதாதா?

போதாது அம்மா. இந்த வயதில் கல் திரும்ப வந்தால், ஈரலே ஆக்சலேட்டை அளவுமீறி உண்டாக்குகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். ஏ.ஜி.டி. என்ற நொதி, ஈரல் செல்லில் பெராக்ஸிசோம் என்ற சிறு பைக்குள் இருந்து கிளையாக்சலேட் என்ற பொருளைக் கிளைசின் என்ற அமினோ அமிலமாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது ஆக்சலேட்டாகி, கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும்.

இப்படி ஈரலில் ஆக்சலேட் மிகும் நோயாளிகளில் சிலருக்கு நொதி வேலை செய்யும், அது போய்ச்சேரும் இடம்தான் தப்பு. இந்த நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 11-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வந்தால் மைட்டோகாண்ட்ரியா முகவரி ஒன்று லேசாக உருவாகிறது. ஆரோக்கியமானவர்கள் பலரிடமும் அது உண்டு; புரதம் சட்டென்று மடிந்துவிடுவதால் கெடுதல் இல்லை. கூடவே 170-ஆவது இடத்தில் கிளைசின் ஆர்ஜினினாகிவிட்டால் மடிவது தாமதமாகிறது. மடியாத புரதம்தானே மைட்டோகாண்ட்ரியா வாசலுக்குப் பொருந்தும்? அங்கே போய்விடுகிறது. (பூனையின் ஈரலில் இந்த நொதி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் இருக்கிறது. இறைச்சி உணவுக்கு அதுதான் சரியான இடம்!)

இந்த வகைக்கு பி6 வைட்டமின் நன்றாகவே உதவும், மற்ற வகைகள் பலவற்றுக்கு உதவாது. எந்த வகை என்று சோதனைதான் சொல்லும். சிறுநீரகம் பழுதாகும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது, தள்ளிப்போடாதீர்கள். அதுவரை நிறையத் தண்ணீர் கொடுங்கள். பி6 மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.