சிடிஆர்ஐ எண் இருந்தால் மருந்து வேலை செய்யும் என்று அர்த்தமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சொந்தக்காரர் ஒருவர் மூலிகை கேப்சூல் விற்கிறார். ‘ஆராய்ச்சியில் சர்க்கரை 40% குறைந்தது’ என்று அச்சடித்த தாளைக் காட்டுகிறார். அதில் சிடிஆர்ஐ பதிவு எண்ணும் இருக்கிறது. மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாமாம். நம்பலாமா?

பதில்: முதலில், அப்பா இன்று ராத்திரி மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளட்டும். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சிடிஆர்ஐ என்பது மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் 2007ல் தொடங்கிய பதிவேடு. ஒரு மருந்தை மனிதர்களிடம் சோதிக்கப் போகிறவர்கள், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே ‘இன்னதை, இத்தனை பேருக்கு, இப்படிக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம்’ என்று அதில் எழுதிவைக்க வேண்டும். முடிவு சாதகமாக வராவிட்டால் சத்தமில்லாமல் மூடி மறைத்துவிடுவார்கள் என்பதால் வந்த ஏற்பாடு அது. எண் கிடைக்கும்போது சோதனையே ஆரம்பித்திருக்காது. ஹால் டிக்கெட்டைக் காட்டிப் பாஸாகிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? டப்பாவில் இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் உணவுப் பொருள் வியாபாரத்துக்கான உரிமம்தான். இந்த இரண்டு எண்களையும் காட்டித்தான் ஏஜெண்டுகள் படித்தவர்களைக்கூட வளைத்துப் போடுகிறார்கள்.

சரி, அந்த 40%? யாரோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். சர்க்கரை எகிறிய சமயத்தில்தான் ஆட்கள் புது மருந்து தேடுவார்கள். அடுத்த டெஸ்டில் அது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். கூடவே நடைப்பயிற்சி, சோற்றில் குறைப்பு. கேப்சூல் தராத இன்னொரு கூட்டத்தையும் அதே மூன்று மாதம் கவனித்திருந்தால்தான் எது கேப்சூலால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மருந்தை ரகசியமாகக் கலந்த ‘மூலிகை’ மாத்திரைகள் பிடிபட்டிருக்கின்றன. மளமளவென்று சர்க்கரை இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

மாத்திரை இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வரவே வராதா என்றால், வந்திருக்கிறது. ஏஜெண்டுகள் திரித்துச் சொல்வது இதைத்தான் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வின் முடிவு 2017ல் வந்தது. ஒரு பக்கம் 149 பேர், ஒப்பிட இன்னொரு பக்கம் 149 பேர். முதல் பிரிவினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரிதான். ஒரு வருடம் கழித்து அவர்களில் 46% பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தது. மற்ற பிரிவில் 4%. பதினைந்து கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் 86%. மாத்திரையை நிறுத்தியது மருத்துவக் குழுவின் கண்காணிப்பில். சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் உடல் எடை கூடியவர்கள், இன்சுலின் போடாதவர்கள், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். உங்கள் அப்பாவுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அந்த ஆய்வில் கேப்சூல் எதுவும் கிடையாது என்பதையும் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. இன்றும் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் அதே விளம்பரம்தான். ஆய்வில் சேர்க்கக் கையெழுத்து வாங்கும்போது நோயாளிக்குத் தமிழில் படிவம் தருகிறார்கள், முடிவை மட்டும் ஆங்கிலப் பத்திரிகையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தன் உடம்பைக் கொடுத்தவருக்கு இரண்டு பக்கம் தமிழில் எழுதித் தர என்ன கஷ்டம்? அந்த இடைவெளியில்தான் இந்த அச்சடித்த தாள்கள் புகுந்துகொள்கின்றன.

அப்பாவுக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி டெஸ்ட், எடுத்துவிட்டு வழக்கமான டாக்டரைப் பாருங்கள். கேப்சூலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மறைக்காமல் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். செலவுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் இலவசம்.