தமிழில் ஒரு போர்வெல் கையேடு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: "தர்மபுரியில் சிவில் படிக்கிறேன். போர்வெல், பம்பு பற்றி எல்லோரும் சேர்ந்து எழுதுகிற மாதிரி ஓர் இணையக் கையேட்டைத் தமிழில் தொடங்க ஆசை. நண்பர்கள் சிலர் கூட இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?"

'போர்வெல் என்றால் என்ன' என்ற பக்கத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அதை நம் மாவட்டத்தில் யாரும் தேடப்போவதில்லை. காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர், பென்னாகரத்தில் போன வாரம் போர் போட்ட விவசாயி, உங்கள் வகுப்பு மாணவர், இவர்கள் வேலைக்கு நடுவில் போனை எடுத்து எதைத் தேடுவார்களோ அதுதான் முதல் பக்கம்.

பம்பு தேர்வு, குழாய் வேலை என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டிலும் சுற்றுகிறவன் நான். என்னைக் கேட்டால் முதல் பக்கம் இஞ்ச் கணக்குக்குத்தான். போர் போடும் ரிக் வண்டிக்காரர் "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வெளியே வரும் தண்ணீரைச் சிறு வாய்க்காலில் விட்டு, வி வடிவில் வெட்டிய தகட்டில், வெட்டின் அடிமுனைக்கு மேல் எவ்வளவு உயரத்துக்கு ஓடுகிறது என்று பார்க்கும் அளவு அது. தகட்டின் கோணம் 90 டிகிரி என்றால் 1 இஞ்ச் உயரத்துக்கு மணிக்குச் சுமார் 500 லிட்டர் வரும். ஒன்றரை இஞ்சுக்குச் சுமார் 1,400 லிட்டர், 2 இஞ்சுக்குச் சுமார் 2,900, 3 இஞ்சுக்குக் கிட்டத்தட்ட 8,000. உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது, ஏனென்றால் ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப மாறும். ஒரு இஞ்சுக்கும் ஒன்றரை இஞ்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துத்தான் நிறைய பேர் மோட்டார் வாங்குகிறார்கள். அந்த நாலு எண்களையும், தகட்டை வைக்கும் முறைக்கு ஒரு படத்தையும் போட்டாலே பக்கம் நிற்கும். கூடவே ஓர் எச்சரிக்கை: போர் போட்ட அன்று கம்ப்ரஸர் காற்றில் வரும் தண்ணீர் வேறு, மோட்டார் போட்டுப் பல மணி நேரம் ஓட்டிய பிறகும் நிலைத்து வரும் தண்ணீர் வேறு.

பெட்ரோலியத் துறையில் இதே மாதிரி ஒரு வேலை நடந்திருக்கிறது. அத்துறைப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.பி.இ., தன் ஏழு தொகுதிக் கையேட்டை இணையத்தில் ஏற்றி அதிலிருந்து பெட்ரோவிக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. அச்சில் வந்த உரையை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, உறுப்பினர்கள் திருத்தவும் சேர்க்கவும் வேறு பக்கங்களைக் கொடுத்தார்கள். வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்து "வாங்க, எழுதுங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். பாதி எழுதி ஒரு தப்போடு வைத்துப்பாருங்கள், திருத்துவதற்கு ஊரே வரும். நமக்குத் தமிழில் ஏழு தொகுதி கிடையாது. ஆனால் கடைக்கடைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. எந்த ஊரில் எத்தனை அடியில் எத்தனை ஸ்டேஜ் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கர அடுக்கு) மோட்டார், எந்த சைஸ் கேபிள், எப்போது எரிந்தது என்றெல்லாம் அதில் இருக்கும். அவர்கள் சம்மதித்தால், விவசாயிகளின் பெயர், போன் எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த நோட்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

நிபுணர் குழு சரிபார்த்த பிறகுதான் வெளியிடுவோம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். விக்கிப்பீடியாவுக்கு முன்னால் 2000-இல் தொடங்கிய நூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் அப்படித்தான் நடந்தது. ஏழு கட்ட ஆய்வு. 2003-இல் அதை மூடும்போது முடிந்திருந்த கட்டுரைகள் முப்பதைக்கூடத் தொடவில்லை.

இப்போது உண்மையான தலைவலிக்கு வருகிறேன். புத்தகம் படித்தவரும் மெக்கானிக்கும் ஒரே பக்கத்தில் எழுதினால் சண்டை வரும். வரட்டும். ஹெட் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மேலே தொட்டி வரைக்கும் உள்ள உயரம், அதோடு குழாயில் உராய்வால் போவது, இரண்டும் சேர்ந்ததுதான் ஹெட் என்று மாணவர் எழுதுவார். சரிதான். நொடிக்கு 1 லிட்டர், ஹெட் 150 மீட்டர் என்றால் 150-ஐ 75-ஆல் வகுக்க 2 எச்.பி. வரும். பம்பின் திறன் 50 சதவீதம் என்றால் 4 எச்.பி. வேண்டும், ஆகவே 5 எச்.பி. மோட்டார் என்று அழகாகக் கணக்கும் போடுவார். மெக்கானிக் வந்து, "அதெல்லாம் ஐப்பசிக்குச் சரி தம்பி, சித்திரையில மோட்டார் வரைக்கும் தண்ணி இறங்கிடும், நான் மோட்டார் தொங்குற அடியத்தான் ஹெட்டா வெப்பேன்" என்பார். அவர் சொல்வதும் சரிதான். நம் பக்கம் கடினப் பாறை, தண்ணீர் இருப்பது வெடிப்புகளில், மட்டம் கோடைக்கும் மழைக்கும் வெகுவாக ஏறி இறங்கும்.

ஆனால் கோடைக்கென்று அதிக ஹெட் பம்பை இறக்கினால், மழைக்குப் பிறகு மட்டம் மேலே வந்ததும் அது தேவைக்கு மேல் தண்ணீர் தள்ளும், மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். அப்போது கேட் வால்வைக் கொஞ்சம் மூடிவைத்து ஓட்டச் சொல்வார்கள். ஏன் மூடுகிறோம் என்று தெரியாமலே மூடுகிறவர்கள் நிறைய. அந்தக் காரணம் மாணவரிடம் இருக்கிறது, எந்த மாதத்தில் மூட வேண்டும் என்பது மெக்கானிக்கிடம் இருக்கிறது. பக்கத்தில் இரண்டும் வர வேண்டும். எந்த ஊர், எந்த மாதம், எத்தனை அடி என்ற நிபந்தனையோடு வர வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிட்டுப் போவதற்கு விடாதீர்கள். மீடியாவிக்கி மென்பொருளில் பக்கத்துக்குப் பக்கம் பேச்சுப் பக்கமும் பழைய பதிப்புகளும் இருப்பது இதற்குத்தான். அது இலவசம் என்பதால் மாணவர்கள் கைக்கும் அடங்கும்.

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதற்கு ஒரு பக்கம் வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். என் வீட்டிலேயே கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. தரைக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் இடத்தைக் கணிக்கும் மின்தடை ஆய்வை எப்படிச் செய்கிறார்கள், அது எங்கே ஏமாற்றும் என்று நேர்மையாக எழுதினாலே போதும்.

மெக்கானிக் விக்கி நிரலில் எழுதமாட்டார். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் எழுதி, அவரிடம் படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகு, அவர் விரும்பினால் அவர் பெயரிலேயே பக்கம் ஏறட்டும். ஹெட், ஸ்டேஜ், கேசிங் (போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) மாதிரி அவர் சொல்லும் வார்த்தைகளைத் தமிழாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

சில பக்கங்களை மட்டும் பூட்டியே வையுங்கள். நம் ஊரில் முதலாவது ஃப்ளோரைடு, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் உப்பு. இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது எப்படிப்பட்ட பிரச்சினை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. இந்த எண்ணை யாரோ ஒருவர் 15 என்று தட்டிவிட்டால் என்ன ஆகும்? அப்புறம் கைவிட்ட போர்வெல்லை மூடும் முறை. மண், மணல், கல், துளைத்தபோது வந்த தூள் என்று கிடைப்பதைப் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இல் தந்த வழிகாட்டுதல். வாயில் ஒரு பலகைக் கல்லை வைத்தால் போதும் என்று எழுதுகிறவரும் வருவார். பேனல் போர்டு, எர்த்திங் பக்கங்களும் இந்த வகைதான். இவற்றில் மாற்றம் என்றால் இரண்டு பேர் பார்த்த பிறகே ஏறட்டும், பார்த்தவர் பெயரும் தேதியும் பக்கத்திலேயே தெரியட்டும்.

உரிமம் பற்றி முதல் நாளே முடிவெடுங்கள். பெயரைச் சொல்லி யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றினால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமம் போதும். கம்பெனி கேட்லாக் படத்தையோ ஐ.எஸ். நூல் அட்டவணையையோ அப்படியே ஒட்டாதீர்கள், உங்கள் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

டொமைனும் கடவுச்சொல்லும் ஒரே மாணவர் கையில் இருக்கக் கூடாது. அவருக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்ததும் தளம் அனாதையாகிவிடும், புதுப்பிக்கும் தேதியும் தாண்டிவிடும். ஊரிலேயே இருக்கப்போகும் ஒரு கடைக்காரர், ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் என்று மூவரிடம் கொடுங்கள். மாதம் ஒருமுறை மொத்தத் தரவையும் இறக்கி ஒரு பென் டிரைவில் அந்தக் கடையிலேயே போட்டுவையுங்கள்.